பிரசவ அறைக்குக் கன்னியரை அழைத்துச் சென்ற அன்னை அன்னா டெங்கல்

மடுல்சீமைத் தோட்டங்களில் வாழ்கின்ற குடும்பங்களுக்கு நாம் இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மேற்பிரிவு லயத்தில் நள்ளிரவில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டுவிட்டால் வீடே கலங்கிவிடும். மழை பெய்திருந்தால் பாதை சறுக்கும். தோட்டத்து லொறி இருக்குமோ, இராதோ. முதலில் பசறைக்கு இறங்கவேண்டும். அங்கே முடியாதென்றால் பதுளைக்குப் போகவேண்டும். அதற்குள் உதிரம் பெருகிவிட்டால் என்ன செய்வது? கம்பளியில் கிடத்தி நாலு பேர் தோள்கொடுத்து மலையிறக்கிய காலத்தை உங்கள் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இப்போது 1990 என்ற இலக்கத்துக்குச் சொன்னால் இலவச அம்புலன்ஸ் வருகிறது. ஆனால் லயத்துக் காம்பராவிலிருந்து வண்டி நிற்கும் பாதைவரை தாயை யார் தூக்கி வருவது என்ற கவலை பல மலைகளில் இன்னும் தீரவில்லை.

பாதை முடிகின்ற இடங்களில்தான் தாய்மார் அதிகம் செத்தார்கள். மலைமுடிவு, காட்டோரம், நாட்டின் எல்லை என்று எங்கே பார்த்தாலும் இதே கதைதான். அப்படியான ஓர் எல்லைப்புறத்தில், இமயமலைச் சாரலுக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் நடுவேயுள்ள இராவல்பிண்டி என்னும் பட்டணத்தில், நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் இளம் பெண் வைத்தியர் தனியாக நின்று போராடினார். அங்கே பாதை மட்டுமா குறுக்கே நின்றது? மனிதரின் வழக்கமும் நின்றது. நமது திருச்சபையின் சட்டமும் நின்றது. இரண்டையும் அவர் எப்படிக் கடந்தார் என்பதே இன்று நீங்கள் வாசிக்கப்போகும் சரித்திரம்.

அவர் பெயர் அன்னா டெங்கல். 1892ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் திகதி ஒஸ்திரியா நாட்டு டிரோல் மாநிலத்தில், லெக் ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள ஸ்டேக் என்னும் சிற்றூரில் பிறந்தார். ஐரோப்பா என்றவுடன் செல்வமும் செழிப்பும் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மலைப் பள்ளத்தாக்குகளில் அந்நாளில் கொடிய வறுமை இருந்தது. டிரோல் மலைகளின் ஏழைப் பிள்ளைகள் வசந்த காலம் வந்ததும் பனி படிந்த கணவாய்களை நடந்தே கடந்து, தென் ஜெர்மனியின் பண்ணைகளில் மாடு மேய்க்கக் கூலிக்குப் போவார்கள். இலையுதிர் காலத்தில் திரும்பி வருவார்கள். மன்னார்க் கரையிறங்கி மாத்தளைவரை காட்டுவழி நடந்து மலையேறிய நமது முன்னோரை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். மலைநாட்டு வறுமைக்கு எந்தத் தேசத்திலும் ஒரே முகம்தான்.

அன்னா பல பிள்ளைகளுக்கு மூத்தவர். பத்து வயது நிறையுமுன்னே தாயை இழந்தார். தாயில்லாப் பிள்ளையின் துக்கத்தைப் பற்றி யாரும் அவருக்குப் பாடம் நடத்தவேண்டியிருக்கவில்லை. பிற்காலத்தில் தாயைக் காப்பாற்றுவது என்றால் ஒரு குடும்பம் முழுவதையும் காப்பாற்றுவது என்று அவர் விடாமல் வற்புறுத்தியதற்கு வேர் இந்தச் சிறுவயதில் இருந்தது என்றே நாம் எண்ணுகிறோம். தாய் போன வீட்டில் கைக்குழந்தை தேறுவது அரிது. மூத்த பெண் பிள்ளையின் படிப்பு நின்றுபோகும். நம் லயங்களிலும் நாம் கண்ட காட்சிதானே இது.

ஹால் என்னும் ஊரில் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்து முடித்து, பிரான்ஸ் தேசத்து லியோன் நகருக்குப் போய் ஜெர்மன் மொழி கற்பித்தார் அன்னா. மறைபரப்புப் பணிக்குப் போகவேண்டும் என்ற ஆவல் மட்டும் உள்ளத்தில் இருந்தது. எந்த வழியில் என்று தெரியவில்லை. அந்த நேரத்தில்தான் ஒரு மூதாட்டியின் செய்தி அவர் கைக்கு எட்டியது.

வாசகர்களே, அந்த மூதாட்டியைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். ஆக்னஸ் மெக்லாரன் என்பது அவர் பெயர். 1837இல் ஸ்கொத்லாந்தின் எடின்பரோ நகரில், பாராளுமன்ற உறுப்பினராயிருந்த ஒரு பெருந்தகையின் வீட்டில் பிறந்தவர். பெண்களை மருத்துவக் கல்லூரிகள் சேர்க்க மறுத்த காலம் அது. அவர் தளரவில்லை, பிரான்ஸிலுள்ள மொன்பெலியே பல்கலைக்கழகத்துக்குச் சென்று 1878இல் வைத்தியப் பட்டம் பெற்றார். 1898இல், தமது 61ஆம் வயதில், கத்தோலிக்க திருமறையைத் தழுவினார். மற்றவர்கள் ஓய்வெடுக்கின்ற வயதில் அவருக்குப் புதிய வேலை தொடங்கியது. வட இந்திய எல்லைப்புறத்தில் பணிசெய்த மில் ஹில் சபைக் குருமார் வழியாக, அங்குள்ள முஸ்லிம் பெண்கள் வைத்திய உதவியில்லாமல் மடிகிறார்கள் என்று கேள்விப்பட்டார். இலண்டனில் ஒரு குழு அமைத்துப் பணம் திரட்டி, 1909இல் இராவல்பிண்டியில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாக அர்ச். கத்தரினம்மாள் பெயரில் ஓர் ஆஸ்பத்திரி எழும்பச் செய்தார். எழுபது வயதைத் தாண்டிய நிலையில் கப்பலேறி அங்கே போய் அதைப் பார்த்தும் வந்தார்.

அந்த ஆஸ்பத்திரியை நடத்தியவர்கள் மரியாவின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சபைக் கன்னியர். இந்தச் சபை 1877இல் நமது தமிழகத்து நீலகிரியில், உதகமண்டலத்தில் தோன்றியது என்பதைப் பலர் அறியமாட்டார்கள். கொழும்புப் பெரியாஸ்பத்திரியில் பல்லாண்டுகள் நோயாளரைப் பராமரித்தவர்களும் இவர்களே.

இனி இராவல்பிண்டியின் துயரத்துக்கு வருவோம். அந்தப் பகுதி முஸ்லிம் குடும்பங்களில் பெண்கள் பர்தா முறையில் வாழ்ந்தார்கள். அந்நிய ஆடவர் எவரும் அந்தப்புரத்துக்குள் அடிவைக்க முடியாது, வைத்தியரானாலும் முடியாது. பிரசவத்தில் சிக்கல் ஏற்பட்டால், ஆண் வைத்தியரை அழைத்து மானம் இழப்பதிலும் மரணம் மேல் என்று அந்தப் பெண்ணே எண்ணினாள், கணவனும் எண்ணினான். அவர்களைக் கல்நெஞ்சர் என்று தீர்ப்பிடவேண்டாம். மனைவி மேல் அன்பில்லாமல் அப்படிச் செய்யவில்லை. மானத்தைப் பற்றி அவர்கள் கற்றுக்கொண்டது அது. நம் தமிழ்நாட்டிலேயே, திண்டிவனத்தில், ஒரே இரவில் மூன்று கணவர்மார் ஓர் அமெரிக்கப் பாதிரியாரின் வீட்டுக் கதவைத் தட்டி, பிரசவ வேதனையிலிருக்கும் மனைவிக்குப் பெண்துணை கேட்டார்கள். வைத்தியரான பாதிரியார் தாமே வருவதாகச் சொல்லியும் மறுத்துத் திரும்பினார்கள். விடியுமுன் மூன்று பெண்களும் இறந்தார்கள். அவர்களில் இந்துவும் இருந்தார், முஸ்லிமும் இருந்தார். அந்தப் பாதிரியாரின் மகள்தான் பின்னர் வேலூர் ஆஸ்பத்திரியை நிறுவிய ஐடா ஸ்கடர்.

பிரிந்துபோன சகோதரர்களாகிய புரட்டஸ்தாந்தர் இவ்வாறு பெண் வைத்தியர்களை அனுப்பத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகியும் நாம் ஏன் பின்தங்கினோம்? கேட்கவேண்டிய கேள்விதான். இராவல்பிண்டியில் நமது கன்னியர்கள் இருந்தார்கள். அவர்கள் பெண்கள். அந்தப்புரத்தின் கதவு அவர்களுக்குத் திறந்தே இருந்தது. ஆனால் துறவிகள் வைத்தியத் தொழில் செய்வதைத் திருச்சபையின் பழைய சட்டங்கள் தடுத்தன. கன்னியர் பிரசவம் பார்ப்பது அவர்களது கற்பு வார்த்தைப்பாட்டுக்குப் பொருந்தாது என்றும் கருதப்பட்டது. ஆகவே காய்ச்சல்காரியைத் தொட்டுப் பராமரிக்கலாம், புண்ணைக் கழுவிக் கட்டலாம்; பிள்ளை பிறக்கும் நேரத்தில் மட்டும் விலகி நிற்கவேண்டும். வீட்டுக்காரர் ஆண் வைத்தியரை உள்ளே விடமாட்டார். உள்ளே போகக்கூடிய கன்னியரைச் சட்டம் விடாது. இந்த இரண்டு கதவுகளுக்கும் நடுவே கிடந்து தாய் இறந்தாள். அச்சட்டத்தை எழுதியவர்கள் நல்லெண்ணத்தோடுதான் எழுதினார்கள். துறவறத்தின் தூய்மையைக் காப்பதே அவர்கள் நோக்கம். ஆனால் அந்தப்புரத்தின் இருட்டறையில் கிடக்கும் பெண்ணை அவர்கள் கண்டதில்லை. மெக்லாரன் அம்மையார் கண்டவர்களிடம் கேட்டறிந்தார். பலமுறை உரோமைக்குச் சென்று சட்டத்தை மாற்றும்படி மன்றாடினார். பலன் கிட்டவில்லை.

இந்த மூதாட்டிக்குத்தான் அன்னா கடிதம் எழுதினார். பதில் உடனே வந்தது. இந்தியாவில் தொழில் செய்யவேண்டுமானால் பிரித்தானிய ஆட்சியில் செல்லுபடியாகும் பட்டம் வேண்டும். ஆகவே அயர்லாந்தின் கோர்க் நகரிலுள்ள பல்கலைக்கழகக் கல்லூரியில் சேரும்படி அம்மையார் வழிகாட்டினார். ஆனால் இருவரும் நேரில் சந்திக்கவே இல்லை. 1913ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் திகதி, பிரான்ஸின் தென்கரையில் மெக்லாரன் காலமானார். அன்னாவுக்கு அப்போது 21 வயது. கையிலே பணமில்லை, ஆங்கிலம் சரளமில்லை, வழிகாட்டியும் போய்விட்டார். வேறொருவராயிருந்தால் இத்தோடு நின்றிருப்பார்.

1914இல் கோர்க் போய்ச் சேர்ந்தார். அதே ஆண்டில் முதலாம் உலக யுத்தம் மூண்டது. ஒஸ்திரியப் பிரசையாகிய அவர் பிரித்தானிய ஆட்சியிலிருந்த அயர்லாந்தில் பகைநாட்டார் ஆனார். வீட்டோடு தொடர்பு அற்றுப்போன நிலையில் சிரமப்பட்டுப் படித்து, 1919இல் வைத்தியப் பட்டம் பெற்றார். இந்தியாவுக்குப் போக அனுமதி கிடைக்கத் தாமதமானது. அதுவரை இங்கிலாந்தில் வைத்தியராக வேலை பார்த்தார். 1920இல் ஒருவழியாக இராவல்பிண்டி போய்ச் சேர்ந்தார்.

பிரித்தானியரின் பெரிய இராணுவப் பாளையம் அது. அதற்கு முந்திய ஆண்டில்தான் ஆப்கானியருக்கும் ஆங்கிலேயருக்கும் இடையிலான மூன்றாம் யுத்தம் முடிந்து, அதே ஊரில் சமாதான உடன்படிக்கை கைச்சாத்தானது. எல்லைப்புறம் என்றால் அரசாங்கங்களுக்குப் பட்டாளத்தின் நினைவுதான் வரும். பீரங்கி வண்டிகள் போகப் பாதை போடுவார்கள். அந்தப் பாதையோரத்துக் கிராமத்தில் பிள்ளை பெறுகிற பெண்ணுக்கு ஒரு மருத்துவிச்சியை வைக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றாது.

நான்கு ஆண்டுகள் அங்கே பணிசெய்தார் அன்னா. ஆஸ்பத்திரிக்கு வைத்தியர் அவர் ஒருவரே. இரவிலே தோங்கா வண்டி வந்து நிற்கும். பின்னாலே திரையிட்ட வீடு. உள்ளே புகை மண்டிய அறை. நாலு நாளாய் வலியில் துடிக்கும் பெண். இதற்கு முன்னே அவளை ஊர் மருத்துவிச்சி பார்த்திருப்பாள். அவளுக்கு அனுபவம் உண்டு, படிப்பு இல்லை. கழுவாத கை, கழுவாத கத்தி. அந்தக் கத்தியால் தொப்புள்கொடி அறுத்தால் ஒரு வாரத்துக்குள் குழந்தை வாய் பூட்டி, உடல் வில்லாக வளைந்து, ஏற்புவலி கண்டு இறக்கும். அந்தக் கை உள்ளே போனால் தாய்க்குப் பிரசவக் காய்ச்சல் வரும். பேய் பிடித்தது, கண்ணேறு பட்டது என்று ஊரார் சொன்ன மரணங்களில் பெரும்பகுதி கையிலும் கத்தியிலும் இருந்த அழுக்கால் வந்தவை.

வேறொரு கொடுமையும் அங்கே இருந்தது. நம் நாட்டில் அது அவ்வளவாகத் தெரியாது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலிருந்தே வீட்டுக்குள் அடைபட்ட பெண்கள் மேல் சூரிய வெளிச்சமே படுவதில்லை. வெயில் படாத உடலில் உயிர்ச்சத்து டி குறையும். அது குறைந்தால் சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேராது. பிள்ளை மேல் பிள்ளை பெறப் பெற, இருக்கிற சத்தையும் பிள்ளை எடுத்துக்கொள்ளும். எலும்பு மெலிந்து வளையும், இடுப்பெலும்பு ஒடுங்கிவிடும். பிள்ளை வெளியே வர வழியிராது. இத்தகைய பெண்ணுக்கு அறுவைச் சிகிச்சை ஒன்றே கதி. அதைச் செய்யக்கூடிய பெண் வைத்தியர் பல மைல் சுற்றளவில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? மானத்தைக் காக்கப் போட்ட திரை, வெயிலையும் தடுத்தது; வைத்தியரையும் தடுத்தது.

நம் மலைத்தோட்டத்துப் பெண்களுக்கு வெயிலுக்குப் பஞ்சமில்லை என்பீர்கள். உண்மைதான். விடிந்தால் பெரட்டு, பிறகு கொழுந்துமலை. ஆனால் இங்கே வேறொரு கள்வன் இருந்தான். கொக்கிப்புழு. மலத்தால் அசுத்தமான மண்ணில் வெறுங்காலோடு நடப்பவரின் பாதத்தைத் துளைத்து உள்ளே போய், குடலில் தங்கி, நாள்தோறும் இரத்தம் உறிஞ்சும் புழு. தோட்டத் தொழிலாளரிடையே அது எவ்வளவு பரவியிருந்தது என்றால், அமெரிக்க ரொக்கபெல்லர் நிறுவனத்தின் துணையோடு 1916இல் மாத்தளைத் தோட்டங்களிலிருந்து அதற்கெதிரான பெரிய இயக்கம் தொடங்கவேண்டியதாயிற்று. இரத்தம் வற்றிய தாய்க்குப் பிரசவத்தில் சாதாரணமாகப் போகிற உதிரமே எமனாகிவிடும். உடல் தேறிய பெண் தாங்கிக்கொள்ளும் இழப்பை அவள் தாங்கமாட்டாள். கிளினிக்கில் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரை கசக்கிறது, குமட்டுகிறது என்று தகரப்பெட்டிக்குள் போட்டுவைக்கும் மருமகள்மாரை உங்கள் வீட்டிலும் கண்டிருப்பீர்கள். மாமிமார்களே, அந்த மாத்திரையைத் தினமும் கேட்டு விழுங்கவையுங்கள். தேநீரோடு வேண்டாம், தேநீர் அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது. கொழுந்து பறிக்கும் நம்மவர்களுக்கு இதைச் சொல்லவேண்டியிருக்கிறது! திரிபோஷா கொடுத்தால் அது கர்ப்பிணிக்கென்று கொடுத்தது. வீட்டிலுள்ள எல்லோருக்கும் உருண்டை பிடித்துக் கொடுத்துவிட்டு அவள் கடைசியில் வெறும் பாத்திரத்தைத் துடைக்கிற நிலை வரக்கூடாது. ஆறாம் ஏழாம் மாதத்துக்குப் பின் கடும் தலைவலி, கண் மங்கல், முகத்திலும் கையிலும் வீக்கம், அல்லது எந்த மாதத்திலும் உதிரப்போக்கு என்று கண்டால், விடியட்டும் என்று காத்திருக்கவேண்டாம்.

இராவல்பிண்டியில் அன்னா களைத்துப்போனார். உடல் களைப்பைவிட உள்ளத்தின் களைப்பே பெரிது. தாம் ஒருவராக எத்தனை வீட்டுக்குப் போகமுடியும்? தமக்குப் பின் யார்? அவருக்குத் துறவறம் புகவேண்டும் என்ற ஆசை இருந்தது. ஆனால் துறவியானால் வைத்தியத்தைக் கைவிடவேண்டும்; வைத்தியராயிருந்தால் துறவு கூடாது. இரண்டும் ஆண்டவரின் அழைப்பே என்று உணர்ந்த ஓர் ஆத்துமாவுக்கு இதைவிடப் பெரிய வேதனை ஏது?

1924இல் ஊர் திரும்பி இன்ஸ்புரூக் நகரில் தியானம் செய்தார். அங்கே ஒரு சேசுசபைக் குரு, இருக்கிற சபைகளில் இடமில்லையென்றால் வைத்தியத்துக்கென்றே புதிய சபை ஒன்றைத் தொடங்கலாமே என்ற எண்ணத்தை அவர் மனதில் விதைத்தார். அமெரிக்காவுக்குப் போனார் அன்னா. மறைபரப்புப் பணிகளுக்காக உழைத்துக்கொண்டிருந்த திருச்சிலுவைச் சபைக் குரு மைக்கேல் மத்திஸ் அவருக்குத் துணை நின்றார். 1925ஆம் ஆண்டு செப்டெம்பர் 30ஆம் திகதி வாஷிங்டன் நகரில் ஒரு வாடகை வீட்டில் நான்கு பெண்கள் சேர்ந்து வாழத் தொடங்கினார்கள். அன்னாவும் ஜொஹானா லயன்ஸும் வைத்தியர்கள். எவலின் பிளீகரும் மரீ உல்பிரிக்கும் தாதிகள். அதுதான் மருத்துவ மறைப்பணிச் சகோதரிகள் சபையின் பிறப்பு.

இங்கே அவரது விவேகத்தைக் கவனியுங்கள். சட்டத்தை எதிர்த்து அவர் சண்டை போடவில்லை. சட்டத்துக்குப் பயந்து பணியை விடவும் இல்லை. பகிரங்க வார்த்தைப்பாடு கொடுத்தால்தானே துறவிகளுக்குரிய தடை வரும்? அவர்கள் பகிரங்க வார்த்தைப்பாடு கொடுக்கவில்லை. பக்தி சபையாக, பொதுநிலைப் பெண்களாகக் கூடி வாழ்ந்தார்கள். ஜெபம், ஏழ்மை, கீழ்ப்படிதல் எல்லாம் துறவிகளைப் போலவே. பெயர் மட்டும் இல்லை. பதினொரு ஆண்டுகள் இப்படியே போயின. அந்தப் பதினொரு ஆண்டும் வீணாகவில்லை. 1920களின் முடிவுக்குள் இராவல்பிண்டியில் திருக்குடும்ப ஆஸ்பத்திரி திறக்கப்பட்டுவிட்டது. சபை என்ற பெயர் வந்த பிறகு வேலை தொடங்கலாம் என்று இருந்திருந்தால் எத்தனை தாய்மார் மண்ணுக்குப் போயிருப்பார்கள்!

இந்தப் போராட்டத்தில் அவர் தனியாகவும் இல்லை. மெக்லாரன் அம்மையாரின் வரலாற்றைப் படித்துத் தூண்டப்பட்ட வேறொருவர், அவுஸ்திரேலிய வைத்தியர் மேரி குளோரி, 1920இல் ஆந்திரத்துக் குண்டூருக்கு வந்து கன்னியானார். வைத்தியம் செய்ய அவருக்குப் பாப்பரசர் 15ஆம் ஆசீர்வாதப்பர் தனி அனுமதி வழங்கினார். அயர்லாந்தில் மேரி மார்ட்டின் என்னும் பெண், ஆபிரிக்கத் தாய்மாரின் நிலைகண்டு இதேபோல் ஒரு சபையைத் தொடங்கக் காத்துக்கொண்டிருந்தார். அன்னா உரோமைக்கு விண்ணப்பங்கள் அனுப்பிக்கொண்டே இருந்தார். போகிற இடமெல்லாம் பேசினார், எழுதினார். ஆயர்மார் பலரும் ஆதரவாகக் குரல் கொடுத்தார்கள்.

1936ஆம் ஆண்டு பெப்ருவரி 11ஆம் திகதி, லூர்து மாதா திருநாளன்று, பாப்பரசர் 11ஆம் பத்திநாதரின் காலத்தில், மறைபரப்புத் திருச்சங்கம் கொன்ஸ்தான்ஸ் ஆக் சேதுலா என்ற அறிவுறுத்தலை வெளியிட்டது. மறைபரப்பு நாடுகளில் தாயும் சேயும் பிழைக்க, கன்னியர் பிரசவ உதவி உட்பட முழு வைத்தியப் பணியும் செய்யலாம் என்றது அது. செய்யலாம் என்று சொன்னதோடு நில்லாமல், அதற்கெனக் கன்னியர் முறையாகப் படித்து, வைத்தியராகவும் தாதியாகவும் சான்றிதழ் பெறவேண்டும் என்றும் ஊக்கமூட்டியது. மெக்லாரன் அம்மையார் இறந்து 23 ஆண்டுகளுக்குப் பின் அவரது மன்றாட்டுக்கு விடை வந்தது. அன்னாவும் அவரோடிருந்தவர்களும் அதன் பிறகே பகிரங்க வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். அடுத்த ஆண்டிலே மேரி மார்ட்டினின் சபையும் தோன்றியது. இன்று நீங்கள் ஒரு கத்தோலிக்க ஆஸ்பத்திரியின் பிரசவ அறையில் கன்னியர் ஒருவர் குழந்தையை ஏந்தி நிற்கக் கண்டால், அது பழங்காலந்தொட்டு வரும் வழக்கம் என்று எண்ணவேண்டாம்.

அதன் பின் சபை விரைந்து வளர்ந்தது. இந்தியாவில் பாட்னா, டில்லி என்றும், பாகிஸ்தானில் கராச்சி என்றும், ஆபிரிக்கா, தென் அமெரிக்கா என்றும் பணி பரவியது. 1947 பிரிவினையின்போது பஞ்சாப் இரத்தத்தில் தோய்ந்தது. எல்லைக்கோடு சபையின் இல்லங்களுக்கு நடுவே விழுந்து, இராவல்பிண்டி ஒரு நாட்டிலும் பாட்னா இன்னொரு நாட்டிலும் ஆயின. 1948இல் பாட்னாவிலுள்ள திருக்குடும்ப ஆஸ்பத்திரிக்கு, லொரேட்டோ மடத்தை விட்டு அப்போதுதான் வெளியேறியிருந்த ஒரு கன்னியர், வெள்ளைச் சேலையோடு வந்து சேர்ந்தார். நோயாளரைப் பராமரிக்கவும் பிரசவத்துக்கு உதவவும் அங்கே சில மாதங்கள் பயின்றார். ஏழைகளைப் போலத் தாமும் தம் சகோதரிகளும் சோறும் உப்பும் மட்டும் உண்டு வாழப்போவதாக அவர் நினைத்திருந்தார். உழைக்கிறவர்களுக்கு நல்ல உணவு வேண்டும், நோயாளியானால் யாருக்குத் தொண்டு செய்வது என்று பாட்னாக் கன்னியர் எடுத்துச் சொல்லி அந்த எண்ணத்தை மாற்றினார்கள். வந்தவர் யார் என்று ஊகித்திருப்பீர்கள். கல்கத்தாவின் அன்னை தெரேசாதான்.

ஆஸ்பத்திரி கட்டுவதோடு அன்னை டெங்கல் திருப்தியடையவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறோம். வெளிநாட்டு வைத்தியர் எத்தனை பேர் வந்தாலும் போதாது. அந்தந்த ஊர்ப் பெண் பிள்ளைகளே தாதிகளாகவும் மருத்துவிச்சிகளாகவும் ஆகவேண்டும் என்பது சபையின் கொள்கையாயிற்று. ஆஸ்பத்திரியோடு தாதியர் பள்ளிகளும் எழுந்தன. இதன் பலம் என்னவென்று நம் இலங்கையே சாட்சி. 1930களில் இந்நாட்டில் ஒரு இலட்சம் பிரசவத்துக்கு ஏறத்தாழ 2,000 தாய்மார் இறந்தார்கள். இப்போது அந்தத் தொகை 30 அளவில் நிற்கிறது. பெரிய ஆஸ்பத்திரிகளும் மருந்துகளும் மட்டுமா இதைச் செய்தன? 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கிய நாளிலிருந்து கிராமம் கிராமமாக வீடு தேடிப் போன பயிற்சிபெற்ற மருத்துவமாதுகளின் கால்களுக்கும் இதில் பெரும் பங்குண்டு. தோட்டங்களுக்கு அந்தக் கால்கள் தாமதமாகவே வந்தன. நீண்ட காலம் தோட்டத்துச் சுகாதாரம் அரசாங்கத்தின் பொதுச் சேவைக்கு வெளியே, தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாக இருந்ததுதான் காரணம். 1948இல் குடியுரிமை இழந்த மக்கள் எந்தக் கந்தோரில் போய் முறையிடுவார்கள்? நாட்டின் நடுவிலே வாழ்ந்தும் நம்மவர்கள் எல்லைப்புறத்து மக்களாகவே இருந்தார்கள்.

உங்கள் வீட்டில் சாதாரணதரம், உயர்தரம் சித்தியடைந்த பெண் பிள்ளை இருந்தால், கொழும்புக் கடைக்கு அனுப்புமுன் தாதியர் பயிற்சியையும் மருத்துவமாதுப் பயிற்சியையும் பற்றி விசாரித்துப் பாருங்கள். தமிழில் பேசி, லயத்துக்குள் வந்து, வெட்கப்படும் இளம்பெண்ணின் கையைப் பிடித்துச் சந்தேகம் தீர்க்க ஒருத்தி வேண்டும். பர்தா இல்லாவிட்டாலும் பாஷை ஒரு திரைதான். தலைப்பிள்ளைக்காரி, வந்த உத்தியோகத்தரின் சிங்களம் விளங்காமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, உள்ளதைச் சொல்லாமல் இருந்துவிடுவதைத் தோட்டத்தில் இருக்கிற எவரும் அறிவர்.

1967வரை அன்னை டெங்கல் சபையின் தலைவியாயிருந்தார். 42 ஆண்டுகள்! இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் சபையின் போக்கு மாறத் தொடங்கியது. இளம் சகோதரிகள் பெரிய ஆஸ்பத்திரிகளை அரசுக்கும் மற்றவர்களுக்கும் விட்டுக் கிராமங்களுக்குப் போகவேண்டும் என்றார்கள். தாம் கல்லும் மண்ணுமாய்ப் பார்த்துக் கட்டியவற்றை விட்டுப் பிரிவது எந்தத் தாய்க்கும் எளிதல்ல. 1977இல் இராவல்பிண்டித் திருக்குடும்ப ஆஸ்பத்திரி அரசாங்கத்தின் கைக்குப் போயிற்று. பெயரை மட்டும் அவர்கள் மாற்றவில்லை. முஸ்லிம் நாட்டின் அந்த அரசாங்க ஆஸ்பத்திரி இன்றும் திருக்குடும்பத்தின் பெயரிலேயே இருக்கிறது; அங்கே நாள்தோறும் குழந்தைகள் பிறக்கின்றன.

இறுதிக் காலத்தில் பக்கவாதம் அன்னையைப் படுக்கையில் கிடத்தியது. ஓயாமல் நாடு நாடாகப் போனவர் பிறர் கையால் உண்ணவேண்டியவரானார். 1980ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் திகதி, தமது 88ஆம் வயதில், உரோமையில் ஆண்டவரில் துயில்கொண்டார். ஒருபோதும் முகம் பார்த்திராத ஆக்னஸ் மெக்லாரன் இறந்ததும் அதே ஏப்ரல் 17ஆம் திகதிதான். வத்திக்கானில், அர்ச். இராயப்பர் பேராலயத்தின் அருகே ஜெர்மானியருக்கென உள்ள பழைய சேமக்காலையில் அன்னை அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.